13 ஆண்டுகள் தோற்காத கவோரி இச்சோ: எதிரில் ஆள் இல்லையா?

"ஜப்பான் மல்யுத்த வீராங்கனை கவோரி இச்சோ 13 ஆண்டுகள் ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை என்று படித்தேன். அப்படி நடக்குமா? பெண்கள் மல்யுத்தம் அப்போது புதிது என்பதால் எதிரில் சரியான ஆள் இல்லாமல் கிடைத்த வெற்றிகளா? என் மகள் மல்யுத்தம் கற்றுக்கொள்கிறாள், அவளுக்கு இவருடைய எந்த ஆட்டத்தைக் காட்டலாம்?" என்று கேட்டிருக்கிறீர்கள். மூன்று கேள்விகள் இருந்தாலும் நடுவில் இருப்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். போட்டி குறைவாக இருந்த இடத்தில் ஜெயித்தவரா, எங்கே நின்றிருந்தாலும் ஜெயித்திருப்பாரா? அதற்குத்தான் விரிவாகப் பதில் சொல்லப் போகிறேன். நான் 20 ஆண்டுகளுக்கு மேலாகப் பிள்ளைகளுக்கு ஃப்ரீஸ்டைல் சொல்லிக்கொடுக்கிறேன், உள்ளூர்ப் போட்டிகளில் நடுவராகவும் நின்றிருக்கிறேன். இச்சோவை நேரில் பார்த்ததில்லை. காணொளிகளைத்தான் திரும்பத் திரும்பப் போட்டுப் பார்த்திருக்கிறேன். அதனால் நடந்தது எது, என் கணிப்பு எது என்பதைப் பிரித்தே சொல்கிறேன்.

முதலில் கணக்கு. இச்சோ 1984-இல் ஜப்பானின் வடக்கே அவோமோரி மாகாணத்தில் உள்ள ஹச்சினோஹே நகரில் பிறந்தவர். ஏதென்ஸ் 2004, பெய்ஜிங் 2008, லண்டன் 2012, ரியோ 2016 என நான்கு ஒலிம்பிக்கில் வரிசையாகத் தங்கம் வென்றார். தனிநபர் போட்டியில் தொடர்ந்து நான்கு ஒலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர், மல்யுத்தம் மட்டுமில்லை, எல்லா விளையாட்டையும் சேர்த்து. மல்யுத்தத்தில் அதுவரை ஆண்களிலும் யாரும் நான்கு வென்றதில்லை. பிறகு கியூபாவின் மிஜைன் லோபெஸ், இடுப்புக்குக் கீழே பிடிக்கக் கூடாத கிரேக்க-ரோமன் பிரிவில் ஐந்து வரை போனார். உலகப் பட்டம் இச்சோவுக்குப் பத்து: 2002, 2003, 2005, 2006, 2007, 2010, 2011, 2013, 2014, 2015. தொடர் வெற்றி 189 ஆட்டங்கள், 2003-இல் தொடங்கி 2016 ஜனவரி வரை. இடையில் 2007-இல் காயத்தால் விட்டுக்கொடுத்த ஒரு ஆட்டம் உண்டு, அதைத் தோல்வியாக எண்ணாமல்தான் இந்த 189 வருகிறது. ஆகவே "ஒரு ஆட்டத்திலும் தோற்கவில்லை" என்பதைவிட "மேட்டில் (மல்யுத்தம் நடக்கும் மெத்தைக் களத்தில்) நின்று மோதிய எந்த ஆட்டத்திலும் தோற்கவில்லை" என்பதுதான் சரி.

இனி, எதிரில் ஆள் இல்லையா என்பது. உங்கள் சந்தேகம் முழுக்கத் தவறில்லை. பெண்களுக்கான உலக மல்யுத்தப் போட்டி 1987-இல்தான் தொடங்கியது. ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் வந்ததே 2004-இல், அதுவும் நான்கே எடைப் பிரிவுகளில். பல நாடுகள் அப்போதுதான் பெண்களைச் சேர்க்க ஆரம்பித்திருந்தன. ஜப்பானில் சிறு பிள்ளைகளுக்கான மல்யுத்தக் குழுக்கள் ஊர் ஊராக முன்பே இருந்தன, மூன்று நான்கு வயதுச் சிறுமிகள் பையன்களோடு உருண்டு பழகினார்கள். இச்சோ அப்படி வளர்ந்தவர்தான். ஏதென்ஸில் நான்கு பிரிவிலும் ஜப்பான் பதக்கம் வாங்கியது, இரண்டு தங்கம், ஒரு வெள்ளி, ஒரு வெண்கலம். பெய்ஜிங்கிலும் அதே நால்வர், அதே கணக்கு. ஆரம்ப ஆண்டுகளில் ஜப்பானுக்கு ஒரு முன்தொடக்கம் இருந்தது என்பதை நான் மறுக்க மாட்டேன்.

ஆனால் அந்த முன்தொடக்கத்துக்கு இன்னொரு பக்கம் உண்டு. ஒலிம்பிக்கில் ஒரு எடைக்கு ஒரு நாட்டிலிருந்து ஒருவர்தான் போக முடியும். நாட்டுக்குள்ளேயே பலசாலிகள் நிறைந்திருந்தால், வெளிநாட்டுக்காரரை வெல்வதற்கு முன் உள்ளூர்க்காரரை வென்றாக வேண்டும். ஜப்பான் தேர்வுப் போட்டியில் இரண்டாவதாக வந்து வீட்டில் உட்கார்ந்தவர்களில் வேறு நாட்டில் பிறந்திருந்தால் ஒலிம்பிக் பதக்கம் வாங்கியிருக்கக்கூடியவர்கள் இருந்தார்கள் என்பது என் கணிப்பு. நிரூபிக்க வழியில்லை. பயிற்சி அறையில் தினமும் யாரோடு மோதுகிறோம் என்பதுதான் ஆளை உருவாக்குகிறது என்பதை மட்டும் என் அனுபவத்திலிருந்து உறுதியாகச் சொல்வேன்.

'எதிரி பலவீனம்' என்ற வாதத்தை என்னளவில் உடைத்துப் போடுவது விதிமுறைகள். இதைப் பற்றி அதிகம் யாரும் பேசுவதில்லை. ஏதென்ஸில் ஆட்டம் என்பது மூன்று நிமிடச் சுற்று இரண்டு, மொத்தப் புள்ளியைக் கூட்டி முடிவு. 2005-இல் எல்லாவற்றையும் மாற்றினார்கள். இரண்டு நிமிடச் சுற்றுகள், மூன்றில் இரண்டைப் பிடிப்பவர் வெற்றி. ஒரு சுற்றில் எத்தனை புள்ளி எடுத்தாலும் அடுத்த சுற்று மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அதிலும் சுற்று 0-0 என்று முடிந்தால் ஒரு பையிலிருந்து வண்ணப் பந்தை எடுப்பார்கள். யாருடைய நிறம் வருகிறதோ அவர் எதிராளியின் ஒரு காலைக் கையில் பிடித்துக்கொண்டு மறு ஆட்டத்தைத் தொடங்கலாம். நினைத்துப் பாருங்கள், உங்கள் கால் எதிராளி கையில், முப்பது நொடி, அதற்குள் கீழே விழாமல் சமாளிக்க வேண்டும். அந்த விதி இருந்த காலத்தில் நல்ல நல்ல வீரர்கள் எல்லாம் அந்தப் பந்தால் தோற்றார்கள். இச்சோ பெய்ஜிங்கையும் லண்டனையும் வென்றது அந்த விதியின் கீழ்தான். 2013-இல் மறுபடி மாற்றம். மூன்று நிமிடம் இரண்டு சுற்று, மொத்தப் புள்ளி, எதிராளியைத் தரையில் போட்டால் முன்பு ஒரு புள்ளி, இப்போது இரண்டு. தற்காத்துக்கொண்டே ஒரு புள்ளியில் ஆட்டத்தை முடிக்கும் வித்தைக்கு மதிப்புக் குறைந்தது. ரியோவை வென்றது அந்த விதியில். எடையும் ஒன்றாக இல்லை. முதல் மூன்று தங்கம் 63 கிலோவில், 2014-இல் பிரிவுகளை மாற்றி அமைத்தபோது 58-க்கு வந்தார். ஒரு விதியின் ஓட்டையில் ஒளிந்துகொண்டு ஜெயிப்பவரை அடுத்த விதி மாற்றம் வெளியே இழுத்துப் போட்டுவிடும். இவரை மூன்று விதி, இரண்டு எடை எதுவும் அசைக்கவில்லை.

அவருடைய ஆட்டமும் ஒரே மாதிரி இருந்துவிடவில்லை. 2004-ஐயும் 2012-ஐயும் அடுத்தடுத்துப் போட்டுப் பார்த்தால் வேறு வேறு ஆள் போல இருக்கும். ஆரம்பத்தில் அவருடைய பெரிய பலம் தற்காப்பு. காலுக்குப் பாய்ந்தால் இரண்டு கால்களையும் பின்னால் வீசி, இடுப்பின் எடையை எதிராளியின் தோளில் இறக்கி நசுக்கிவிடுவார். ஏதென்ஸ் இறுதியில் அமெரிக்காவின் சாரா மெக்மானை 3-2 என்று நூலிழையில்தான் வென்றார். பெய்ஜிங்குக்குப் பிறகு வந்த இடைவெளிதான் திருப்பம். அக்கா சிஹாரு இச்சோ 48 கிலோவில் ஆடியவர். அக்காவும் தங்கையும் சேர்ந்து தங்கம் வாங்க வேண்டும் என்பதே இருவருடைய கனவு. ஏதென்ஸில் அக்காவுக்கு வெள்ளி. பெய்ஜிங்கிலும் வெள்ளி, அடுத்த நாள் தங்கைக்குத் தங்கம். இருவரும் அதன்பின் கனடாவுக்குப் போய் அங்கே தங்கினார்கள். 2008, 2009 உலகப் போட்டிகளில் இச்சோ இல்லை.

திரும்பி வந்தபோது, தன்னை வளர்த்த பழைய பயிற்சிக் கூடத்தை விட்டு டோக்கியோவில் ஆண்களோடு பயிற்சி எடுக்க ஆரம்பித்தார். தினமும் தன்னைவிடப் பலமானவர்களோடு மோதினால் பலத்தை நம்ப முடியாது. கை எங்கே இருக்கிறது, தலை எதிராளியின் எந்தப் பக்கம் இருக்கிறது, முன்கால் எவ்வளவு தூரம் போகலாம் என்று ஒவ்வொன்றையும் யோசித்தாக வேண்டும். அதற்குப் பிறகான அவருடைய ஆட்டத்தில் நான் பிள்ளைகளுக்குக் காட்டுவது கைகளைத்தான். எதிராளியின் மணிக்கட்டைப் பிடிப்பார், விடுவார், முழங்கையைத் தொடுவார், நெற்றியால் லேசாகத் தள்ளுவார். பார்ப்பதற்கு ஒன்றுமே நடக்காதது போல இருக்கும். எதிராளி அந்தக் கையை உதறுவதற்காக ஒரு அடி மாற்றி வைப்பார். அந்த அடியில்தான் கால் போய்விடும். பாய்வதற்கு முன்பே பாதி வேலை முடிந்திருக்கும். லண்டனில் போட்டிக்குச் சில நாள் முன்பு கணுக்கால் தசைநாரில் அடிபட்டு, அந்தக் காலோடுதான் மூன்றாவது தங்கம் வாங்கினார். ஒரு காலை நம்ப முடியாத நிலையில் பாய்ச்சலை வைத்து மட்டும் ஆடுபவர் தோற்றிருப்பார். கைகளால் ஆடத் தெரிந்ததால் தப்பினார் என்பது என் வாசிப்பு.

சரி, 2016 ஜனவரிக்கு வருகிறேன். ரஷ்யாவின் கிராஸ்னோயார்ஸ்க் நகரில் நடக்கும் யாரிகின் போட்டி இறுதியில் மங்கோலியாவின் ஒர்கோன் பூரெவ்தோர்ஜிடம் 0-10 என்று தோற்றார். பத்துப் புள்ளி வித்தியாசம் வந்தால் ஆட்டத்தை அங்கேயே நிறுத்திவிடுவார்கள். 13 ஆண்டுத் தொடர் அப்படி ஒரு புள்ளிகூட எடுக்காமல் முடிந்தது. ஒலிம்பிக்குக்கு ஏழு மாதம்கூட இல்லை, வயது 31. அவர் காலம் முடிந்தது என்று நானும்தான் நினைத்தேன்.

இந்த இடத்தில் நம் நாட்டுக்காரர் ஒருவர் கதைக்குள் வருகிறார், உங்கள் கேள்விக்கு நேரான பதிலும் அதில் இருக்கிறது. ரியோவில் இச்சோ ஆடிய அதே 58 கிலோவில் ஆடியவர் அரியானாவின் சாக்‌ஷி மாலிக். காலிறுதியில் சாக்‌ஷி ரஷ்யாவின் வலேரியா கோப்லோவாவிடம் 2-9 என்று தோற்றார். மல்யுத்தத்தில் இறுதிக்குப் போகிறவரிடம் தோற்றவர்களுக்கு 'ரெப்பஷாஜ்' என்று வெண்கலத்துக்கான ஒரு மறுவாய்ப்பு உண்டு. கோப்லோவா இறுதிக்குப் போனதால் சாக்‌ஷிக்கு அது கிடைத்தது. அதில் அவர் 12-3 என்று வென்றது யாரை? இச்சோவின் தொடரை முறித்த அதே பூரெவ்தோர்ஜை. பிறகு கிர்கிஸ்தானின் ஐசுலு தினிபெகோவாவிடம் 0-5 என்று பின்தங்கி, 8-5 என்று திருப்பி வெண்கலம் வாங்கினார். நம்மில் பலர் அன்று இரவு தூங்காமல் பார்த்த ஆட்டம் அது. இச்சோவைப் பத்துப் புள்ளியில் வீழ்த்தியவரை சாக்‌ஷி வீழ்த்துகிறார், சாக்‌ஷியைக் கோப்லோவா வீழ்த்துகிறார், கோப்லோவாவை இச்சோ வீழ்த்துகிறார். வட்டம் போலச் சுற்றி வருகிறது. இப்படி ஒருவரை ஒருவர் சாய்க்கும் ஒரு பிரிவை ஆள் இல்லாத பிரிவு என்று எப்படிச் சொல்வது?

அந்த இறுதி ஆட்டம் 2016 ஆகஸ்ட் 17 அன்று நடந்தது. கோப்லோவா சாதாரண ஆள் இல்லை. திருமணத்துக்கு முன் ஷோலோபோவா என்ற பெயரில் ஆடிய காலத்தில், 2012 உலகக் கோப்பையில், டோக்கியோவிலேயே, ஜப்பானின் இன்னொரு பெரிய வீராங்கனை சவோரி யோஷிடாவை வீழ்த்தியவர். இச்சோ முதலில் ஒரு புள்ளி முன்னால் இருந்தார், பிறகு கோப்லோவா இரண்டு எடுத்தார். 1-2. இரண்டாவது சுற்று ஓடிக்கொண்டே இருக்கிறது, மாற்றமில்லை. முன்னால் இருக்கும் ஒருவர் இடுப்பைத் தாழ்த்தி, கைகளை இறுக்கி, கடிகாரத்தை ஓட்டுவது எவ்வளவு சுலபம் என்று மேட்டில் நின்றவர்களுக்குத் தெரியும். பின்தங்கியவர் பதறிப் பாய்வார், பாய்ந்தவரை மடக்கி இன்னும் இரண்டு புள்ளி எடுத்துவிடலாம். இச்சோ பதறவில்லை. கடைசி நிமிடத்திலும் அதே மணிக்கட்டு, அதே நெற்றி. கடைசிச் சில நொடிகளில் இருவரும் பின்னிக்கொண்டபோது உடலைத் திருப்பிக் கோப்லோவாவின் பின்பக்கம் போய் இடுப்பைப் பிடித்துவிட்டார். இரண்டு புள்ளி, 3-2. எதிராளியின் பின்னால் போய்க் கட்டுப்படுத்துவது எங்கள் வகுப்பில் முதல் மாதத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம். நான்காவது ஒலிம்பிக் தங்கத்தை அந்த முதல் மாதப் பாடம்தான் வாங்கிக்கொடுத்தது. 2014-இல் அவருடைய அம்மா காலமாகியிருந்தார், அம்மா இல்லாமல் ஆடிய முதல் ஒலிம்பிக் அது.

யோஷிடாவோடு ஒப்பிட்டு யார் பெரியவர் என்று பலர் கேட்பதால் அதையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். யோஷிடாவுக்கு உலகப் பட்டம் 13, ஒலிம்பிக் தங்கம் மூன்று, ரியோவில் அமெரிக்காவின் ஹெலன் மரூலிஸிடம் தோற்று வெள்ளி. மொத்தப் பட்டம் யோஷிடாவுக்கு அதிகம், ஒலிம்பிக் தங்கம் இச்சோவுக்கு அதிகம். மின்னல் போல இரண்டு கால்களுக்கும் பாய்வது யோஷிடா, காத்திருந்து வழி திறப்பது இச்சோ. எனக்கு இச்சோவைப் பிடிக்கும், அது என் ருசி. அதைத் தீர்ப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

தங்கத்தோடு நிறுத்தினால் கதை அரைகுறை. பழைய கூடத்தை விட்டு வெளியேறியதற்கு இச்சோ விலை கொடுத்தார். 2018 தொடக்கத்தில், ஜப்பான் மல்யுத்தச் சம்மேளனத்தின் மேம்பாட்டுத் தலைவர், இச்சோவின் பழைய பயிற்றுநர், தன் பதவி அதிகாரத்தால் அவரைத் துன்புறுத்தினார் என்று அரசிடம் புகார் போனது. சம்மேளனம் அமைத்த வெளியாட்கள் குழு விசாரித்து, நான்கு செயல்கள் துன்புறுத்தலே என்று ஏப்ரலில் சொன்னது. அந்தத் தலைவர் பதவி விலகினார். இது பதிவில் உள்ள விஷயம். இதனால் இச்சோ எத்தனை ஆட்டங்களை, எத்தனை நல்ல நாட்களை இழந்தார் என்று கணக்குப் போட முடியாது. நான்கு தங்கம் வாங்கியவருக்கே இது நடந்தது என்பது, பிள்ளைகளைப் பயிற்சிக்கு அனுப்பும் உங்களைப் போன்ற பெற்றோரும் பயிற்றுநராகிய நானும் மறக்கக் கூடாத ஒன்று.

அதே ஆண்டு அக்டோபரில் மேட்டுக்குத் திரும்பினார். டோக்கியோ ஒலிம்பிக்குக்கான வழியில் எதிரே நின்றவர் இன்னொரு ஜப்பான் வீராங்கனை ரிசாகோ கவாய். ரியோவுக்கு முன்பு, 58-இல் இச்சோ நின்றதால் 63-க்கு ஏறிப்போய் அங்கே தங்கம் வாங்கியவர். இப்போது மேல் எடையில் அவருடைய தங்கை யுகாகோ ஆடுகிறார். இருவரும் ஒரே ஒலிம்பிக்குக்குப் போக வேண்டுமானால் அக்கா ரிசாகோ, 58-க்குப் பதிலாக வந்த 57-க்கு இறங்கி இச்சோவை எதிர்கொண்டாக வேண்டும். 2018 டிசம்பர் தேசியப் போட்டியில், ஆரம்பச் சுற்றில் கவாயிடம் தோற்ற இச்சோ, இறுதியில் கடைசி நேரத்தில் புள்ளி எடுத்து 3-2 என்று அவரையே வென்றார். 2019 ஜூனில் கவாய் வென்றார். ஆளுக்கு ஒன்று என்பதால் ஜூலை 6 அன்று தனியாக ஒரு தேர்வு ஆட்டம் வைத்தார்கள். 3-3. புள்ளி சமமானால் வெற்றி யாருக்கு என்பதற்கு ஒரு விதி உண்டு, அதன்படி வென்றவர் கவாய். ஐந்தாவது ஒலிம்பிக் அங்கே போயிற்று. இரண்டு ஆண்டு கழித்து, டோக்கியோ ஒலிம்பிக்கில் கவாய் சகோதரிகள் அடுத்தடுத்த நாளில் இரண்டு தங்கம் வாங்கினார்கள். ஹச்சினோஹேயின் அக்கா தங்கை இரண்டு ஒலிம்பிக்கிலும் தேடிக் கிடைக்காத அதே இரட்டைத் தங்கம்.

உங்கள் மகளுக்கு எந்த ஆட்டம் என்றால், ரியோ இறுதிதான். ஒரு முறை முழுதாகப் பார்க்கட்டும். இரண்டாவது முறை புள்ளிப் பலகை தெரியும் மூலையை ஒரு அட்டையால் மறைத்துவிட்டு, இச்சோவின் கைகளை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறை அவர் மணிக்கட்டைப் பிடிக்கும்போதும் காணொளியை நிறுத்தி, "இப்போது எதிரில் இருப்பவர் எந்தக் காலை எடுத்து வைப்பார்?" என்று கேளுங்கள். முதல் நாள் எல்லாமே தப்பாக வரும். எங்கள் பிள்ளைகளுக்கு நாலைந்து வாரம் ஆயிற்று. அப்புறம், மேட்டில் போய் அதையே அரை வேகத்தில் ஒரு தோழியோடு செய்து பார்க்கட்டும், கீழே தள்ளாமல், வெறும் கையும் காலடியும்.